ரெண்டு கண்ணால் எடுத்த ரீடிங்

சிரிக்கப் போறீங்க, ஆனா இப்பவே இல்ல, கொஞ்சம் அடக்கிக்கங்க. எங்க தெருவில் தையல் வேலை செய்யும் பவளக்கொடி அக்காவுக்கு நகராட்சித் தண்ணீர் பில், நாற்பதாயிரம் லிட்டர் என்று வந்தது. கட்டாவிட்டால் சாயங்காலமே குழாயைத் துண்டித்துவிடுவார்களாம். அக்காவோடு ஆபீசுக்கு நானும் ஓடினேன்.

பில் கலெக்டர் குரலை அப்படியே சொல்கிறேன்: "க்க்கும்! போன வாரம் நானே உன் வீட்டுக்கு வந்து, இந்த ரெண்டு கண்ணால மீட்டரைப் பார்த்து எழுதினேம்மா!"

"அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார், கட்டிடறேன்."

ஜம்மென்று போட்டுக் கொடுத்தார். அக்கா அதைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தாள்.

"ரெண்டு மாசம் முன்னாடி உங்க ஆளுங்க ரிப்பேருக்குன்னு என் மீட்டரைக் கழட்டி இங்க கொண்டு வந்தாங்க சார். காகிதம் காத்துல பறக்காம உங்க பைல் மேல ஒரு மீட்டரை வச்சிருக்கீங்களே, அதுல மீட்டர் நம்பர் என்ன?"

குனிந்தார். மீட்டரைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார். ஒரே நம்பர்! க்க்கும் காணாமல் போய், கீச்சென்று ஒரு குரல் வந்தது:

"அய்யய்யோ, அந்தக் காகிதத்தைக் குடும்மா!"