தாணுலிங்கம் அளந்து வைத்த எழுத்து

ஊரில் புதிதாக ஒரு கண் ஆஸ்பத்திரி வரப் போகிறது என்று பேச்சாக இருந்த நேரம். வருகிறவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே பதிந்துகொள்ள வாசலில் ஒரு தொடுதிரை வேண்டும் என்றார்கள். அதற்கான புரோகிராமை, கம்ப்யூட்டர் வேலை கற்றுத் தரும் வடிவம்மாவின் கூடத்தில் கேட்டார்கள். வடிவம்மா அதைத் தாணுலிங்கத்தின் கையில் கொடுத்தார்.

தாணுலிங்கம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவான வடிவம்மாவைவிட வயதில் மிகப் பெரியவர். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, இனி மனசுக்குப் பிடித்ததைப் படிக்கலாம் என்று வந்து சேர்ந்தவர். அவர் கையால் செய்து வெளியே போகிற முதல் வேலை இதுதான். ஊண் உறக்கம் மறந்து செய்தார்.

திங்கட்கிழமை திறப்பு. வெள்ளிக்கிழமை வடிவம்மா வந்து திரையைப் பார்த்தார். மூலையில், திரையின் தோற்றத்தை மாற்றுகிற தீம் பட்டனைத் தொட்டார். வெள்ளைத் திரை கறுப்பானது. பட்டன்கள் நிறம் மாறின. அடுத்து 'பெரிய எழுத்து' என்ற தீமைத் தொட்டார்.

எழுத்து மட்டும் அசையவில்லை. எறும்பு வரிசை மாதிரி அப்படியே நின்றது.

"எழுத்து ஏன் ஐயா மாறல?"

"மாற விடலம்மா" என்றார் தாணுலிங்கம், பெருமையாக. "ஒவ்வொரு பட்டனுக்கும் ஒவ்வொரு வரிக்கும் எழுத்தோட ஃபாண்ட் பேரையும் அளவையும் நானே எழுதிக் கட்டிப் போட்டிருக்கேன். துளி கூட்டினாலும் அழகு கெட்டுடும். அளந்து வச்சது."

"வர்றவங்களுக்கு வேற அளவு வேணும்னா?"

"அவங்களுக்கு என்னம்மா தெரியும்? இது பார்த்துப் பார்த்துச் செஞ்சது."

பக்கத்து நாற்காலியில் இருந்த ஜெபசெல்விக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அவளும் அங்கே படிக்கிறவள்தான். "அண்ணாச்சி, கண்ணு நல்லாத் தெரிஞ்சா அங்க எதுக்கு வர்றாங்க?"

"நீ உன் வேலையைப் பாரு தாயி."

வடிவம்மா எழுந்தார். "ஐயா, இது இப்படியே போகாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா செல்வி செஞ்சு வச்சிருக்கிற பழைய திரையை அனுப்பிடுவேன்."

தாணுலிங்கத்துக்கு முகம் சுண்டிப் போயிற்று. "என் திரையில என்னம்மா குறை? அதையாவது சொல்லுங்க."

"மணியாச்சு. சாப்பிட வாங்க."

கூடத்தில் எல்லாருக்கும் ஒரே பந்தி. அன்றைக்கு வடிவம்மாவே சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தார். தாணுலிங்கத்தின் இலையில் ஒரு கரண்டி வைத்தார். அவர் இலைக்குக் குறுக்கே கையை நீட்டினார். கை நீட்டினால் போதும் என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் வைக்க மாட்டார்கள். வடிவம்மா அந்தக் கையை ஒதுக்கிவிட்டு இன்னும் இரண்டு கரண்டி வைத்தார்.

"அம்மா, எனக்குச் சர்க்கரை இருக்கு. இவ்வளவு ஆகாது."

"இலைக்கு மூணு கரண்டி. அடுக்களையிலேயே அளந்து வச்சது ஐயா."

அடுத்த இலையில் மாடசாமி இருந்தான். கூடத்தில் நடக்கிற கட்டட வேலைக்கு வந்து, காலையிலிருந்து மாடிக்கு மணல் மூட்டை சுமந்தவன். மூன்று கரண்டியும் போன இடம் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தான்.

"மூணுதான்" என்று வடிவம்மா தாண்டிப் போனார்.

தாணுலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. "அம்மா! அந்தப் பிள்ளை பசியோட உட்கார்ந்திருக்கு. முகத்தைப் பார்த்தாத் தெரியலையா?"

"அவருக்கு என்ன ஐயா தெரியும்? இது பார்த்துப் பார்த்துச் சமைச்சது."

தாணுலிங்கம் தன் இலையில் குவிந்திருந்த சோற்றைப் பார்த்தார். வடிவம்மா திரும்பி வந்து, மாடசாமி போதும் என்று சிரிக்கிற வரைக்கும் பரிமாறினார்.

சாப்பிட்ட கையோடு தாணுலிங்கம் புரோகிராமைத் திறந்தார். அழகு பார்த்துத் தேர்ந்தெடுத்த ஃபாண்டின் பெயரை முதல் பட்டனிலிருந்து அழித்தார். அங்கே அந்த எழுத்து என்ன வேலை செய்கிறது என்பதை மட்டும் எழுதினார். இது தலைப்பு. இது படிக்கிற வரி. இது எச்சரிக்கை. தலைப்பு எந்த ஃபாண்டில், எவ்வளவு பெரிதாக வர வேண்டும் என்று தீமே முடிவு செய்யட்டும். வரி வரியாக, ஒன்று விடாமல் அழித்து எழுதினார். அழிக்க அழிக்க மனசு லேசாகத்தான் ஆயிற்று.

முடித்துவிட்டு 'பெரிய எழுத்தை'த் தொட்டார். எழுத்தெல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து நின்றது. நின்ற வேகத்தில் பெட்டிகளை விட்டு வெளியே பிதுங்கியது. 'பதிவு செய்க' என்ற பட்டனில் பாதிதான் தெரிந்தது.

"அண்ணாச்சி, பிள்ளை வளர்ந்துட்டான், சட்டை பத்தல!" என்றாள் ஜெபசெல்வி.

"வளரட்டும், வளரட்டும். சட்டையைப் பிரிச்சுத் தைச்சிரலாம்."

பெட்டிகளின் அகலத்தையும் உயரத்தையும் அவர்தான் எண் போட்டு இறுக்கியிருந்தார். அந்த எண்களையும் எடுத்தார். உள்ளே வருகிற எழுத்து எவ்வளவு இடம் கேட்கிறதோ, பெட்டி அவ்வளவு விரியும்படி எழுதினார். சனிக்கிழமை முழுக்க அதிலே போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வடிவம்மா ஒவ்வொரு தீமாகத் தொட்டுப் பார்த்தார். சிறிய எழுத்து, பெரிய எழுத்து, கறுப்பு, வெள்ளை. எதிலும் ஒன்றும் அறுபடவில்லை.

"அனுப்பலாம் ஐயா."

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் சாமி கும்பிட்டுத் திறந்தார்கள். தாணுலிங்கம் குருவோடு ஒரு ஓரமாக நின்றார். யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று அவருக்கு ஆசை.

ஒரு அம்மாள் தனியாக வந்தார். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையருகே குனிந்தார். தடவித் தடவி 'பெரிய எழுத்தை'த் தொட்டார். பிறகு நிமிர்ந்து நின்று வாசித்தார். பெயரைப் பதிந்தார். சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தாணுலிங்கம் மெதுவாகக் கேட்டார். "நான் பொறுக்கி எடுத்த எழுத்தும் இல்ல. நான் போட்ட அளவும் இல்ல. இதுல என் கை எங்கம்மா இருக்கு?"

"அந்த அம்மா யாரையாவது கூப்பிட்டாங்களா, படிச்சுச் சொல்லுங்கன்னு?"

"இல்லையே."

"அங்கதான் ஐயா இருக்கு."