எந்தக் கார்டு வழியாக

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்து மூன்று.

தூத்துக்குடியில் பார்வையற்றோருக்கான ஒரு பயிற்சி மையத்தில் இருவரும் வேலை பார்த்தார்கள். குருவின் பெயர் ஜெசிந்தா. அவர் அமைத்துக் கொடுத்த கணினி எதுவும் பழுதென்று அவரிடம் திரும்பி வந்ததில்லை. சீடர் ஆதிமூலம் இருபத்திரண்டு வருடம் துறைமுகத்தில் பெட்டிகளை எண்ணி எழுதியவர். அந்த வேலை போனபின் இங்கே வேலைக்குச் சேர்ந்து, ஜெசிந்தாவிடம் கணினி கற்றுக்கொண்டிருந்தார். குருவை அவர் டீச்சர் என்பார். சீடரை இவர் அண்ணாச்சி என்பார்.

மையத்துக்கு இருபத்தாறு பழைய கணினிகள் வந்திருந்தன. மறுநாள் காலை பத்து மணிக்கு இருபத்தாறு பேருக்கு அங்கே தட்டச்சுத் தேர்வு. அதற்கு முந்தின நாளான இன்றே மாலை நான்கு மணிக்குத் தேர்வுப் பார்வையாளர் வந்து கணினிகளைச் சோதிப்பார். ஒன்று குறைந்தாலும் தேர்வு மதுரைக்கு மாறிவிடும். போன வருடம் அப்படி மாறியதில், பஸ் தாமதமாகி ஆறு பேர் தேர்வை இழந்தார்கள். வேம்பு அதில் ஒருத்தி. அவளுக்கு இந்த வருடத்தோடு வயது வரம்பு முடிகிறது.

எல்லாக் கணினிகளிலும் இயங்குதளத்தைப் புதிதாக ஏற்ற வேண்டும். அதற்கு ஐம்பது நிமிடம் ஆகும். ஆனால் இருபத்தாறிலும் ஒரே நேரத்தில், ஆள் தொடாமல் நடக்கும். சுவிட்சைப் போட்டால் கணினி நெட்வொர்க் வழியாகச் சர்வர் என்ற தலைமைக் கணினியிடம் வந்து விழித்துக்கொள்ளும். அதன்பின் அது கேட்கப்போகும் கேள்விகளுக்கெல்லாம் பதிலை ஒரே கோப்பில் எழுதிச் சர்வரில் வைத்துவிடலாம். ஆதிமூலம் முப்பத்தொரு வரி எழுதி வைத்திருந்தார்.

மதியம் ஒரு மணிக்கு எல்லாவற்றையும் போட்டார். ஒன்றும் நகரவில்லை.

அந்த அறையில் மானிட்டர் கிடையாது. அங்கே படிக்கிறவர்களுக்கு அது தேவையில்லை. கீபோர்டும் ஹெட்போனும்தான்; தட்டுவதைக் கணினி பேசிக் காட்டும். வேம்பு ஏழாவது கணினியின்மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, மூச்சு விடுது. பேச மாட்டேங்குது.”

ஆதிமூலம் அலுவலகத்தில் இருந்த ஒரே மானிட்டரைச் சுமந்து வந்து அதில் மாட்டினார். திரையில் ஒரு கேள்வி நின்றது. இங்கே இரண்டு நெட்வொர்க் கார்டுகள் உள்ளன, எதைப் பயன்படுத்துவது?

கணினிகளை முன்பு வைத்திருந்தவர்கள், கணினியை நெட்வொர்க்கோடு இணைக்கும் கார்டு இடியில் கெட்டுப்போனபோது அதைக் கழற்றாமல் பக்கத்தில் இன்னொன்றைச் செருகியிருந்தார்கள். எல்லாவற்றிலும் செத்தது ஒன்று, உயிருள்ளது ஒன்று.

மானிட்டரை ஒவ்வொன்றாக மாற்றி மாட்டிக் கையால் பதில் சொல்லலாம். கணினிக்கு ஆறு நிமிடம். இருபத்தாறுக்கு நூற்றைம்பத்தாறு நிமிடம். மூன்று பத்துக்குள் கடைசிக் கணினியும் தொடங்கியாக வேண்டும். முடியாது.

அவர் குருவின் அறைக்குப் போனார்.

“டீச்சர், எந்தக் கார்டுன்னு பதினாலாவது வரியில தெளிவா எழுதியிருக்கேன். அப்படியும் கேக்குது.”

ஜெசிந்தா சாப்பாட்டு டப்பாவை மூடினார்.

“மாடியில எனக்கு ஒரு பார்சல் கிடக்கு. எடுத்துட்டு வாங்க அண்ணாச்சி.”

“எந்த ரூம்ல?”

“பார்சல் மேலயே எழுதியிருக்கு.”

ஆதிமூலம் போனார். பதினொரு படி ஏறினார். பன்னிரண்டாவது படியில் கால் வைக்காமல் திரும்பி வந்தார்.

“பார்சலைப் பாத்தாத்தான டீச்சர் ரூம் தெரியும்?”

“ஆமா.”

“ரூம் தெரிஞ்சாத்தான பார்சலைப் பாக்க முடியும்?”

“ஆமா. உங்க பதினாலாவது வரி எங்க இருக்கு?”

“சர்வர்ல.”

“அதைப் படிக்க மெஷின் எது வழியா வரும்?”

“கார்டு...” என்று தொடங்கியவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

திரும்பிப் போய்ப் பதினான்காம் வரியை அழித்தார். கணினி விழிக்கும்போதே சர்வர் அதன் கையில் கொடுத்தனுப்பும் வரி ஒன்று உண்டு. அதற்குத் தொடக்க வரி என்று பெயர். அதில் ‘முதல் கார்டு’ என்று எழுதினார்.

ஏழாவது கணினியை அணைத்துப் போட்டார். கேள்வி வரவில்லை. கோப்பைப் படிக்கத் தொடங்கியது. பெட்டி எண்ணியவர் அல்லவா, எதையும் இரண்டு முறை சரிபார்ப்பது அவர் வழக்கம். மறுபடியும் அணைத்துப் போட்டார். நெட்வொர்க் இல்லை என்றது. மூன்றாம் முறை படித்தது. நான்காம் முறை இல்லை என்றது.

“டீச்சர், அதே மெஷின், அதே கார்டு. ஒரு தடவை போகுது, ஒரு தடவை நிக்குது. பொய் சொல்லுதா?”

ஜெசிந்தா அங்கே வந்து வேம்புவையும் ஞானதாஸையும் கூப்பிட்டார். ஞானதாஸும் தேர்வு எழுதப்போகிறவன்தான்.

“ரெண்டு பேரும் வெளிய போயிட்டு உள்ள வாங்க.”

வேம்பு முதலில் வந்தாள்.

“அண்ணாச்சி, முதல் ஆள் யாரு?”

“வேம்பு.”

“இன்னொரு தடவை போயிட்டு வாங்க.”

இந்த முறை ஞானதாஸ் இடித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

“ஏலே, இது என்ன, ரேஷன் கடையா? இப்படித் தள்ளுத!” என்றாள் வேம்பு.

“அண்ணாச்சி, முதல் ஆள் யாரு?”

“அப்ப ரெண்டு கார்டுல எது முந்துதோ அதுதான் முதலா?” என்றார் ஆதிமூலம். “பேர் சொல்லித்தான் கூப்பிடணும்.”

“கூப்பிடலாமே” என்றார் ஜெசிந்தா.

ஒவ்வொரு கார்டுக்கும் பன்னிரண்டு எழுத்தில் தனிப்பெயர் உண்டு. கார்டின்மேலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். ஆதிமூலம் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். ஒன்றாவது கணினியிலிருந்து தொடங்கி, மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். தொடங்கியபோது மணி ஒன்று ஐம்பத்தைந்து. ஒன்பது கணினிகள் முடிந்தபோது இரண்டு நாற்பது. பதினெட்டுக் கார்டுகள், இருநூற்றுப் பதினாறு எழுத்துகள். அதில் மூன்று இடங்களில் இருப்பது எட்டா, ஆங்கில பி-யா என்று தெரியவில்லை.

மீதி பதினேழு. கணினிக்கு ஐந்து நிமிடம். மனக்கணக்குப் போட்டதும் அவர் கை நின்றது.

“என்ன அண்ணாச்சி, சத்தத்தைக் காணோம்?” என்று கேட்டாள் வேம்பு.

“நேரம் பத்தாது வேம்பு.”

“அப்ப மதுரையா?”

அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் வைத்தார்.

ஜெசிந்தா வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்தார். நோட்டைப் பார்க்கவில்லை.

“வேம்பு, நீ இந்த ரூமை விட்டு எப்படி வெளிய போவே?”

“வந்த வழியாத்தான் டீச்சர்.”

“அது எத்தனாவது கதவு?”

“எனக்கு என்ன தெரியும்? அண்ணாச்சி எண்ணி வச்சிருப்பாரு.”

“கதவுக்குப் பேரு?”

“கதவுக்கு யாராவது பேர் வைப்பாங்களா டீச்சர்? வச்சாலும் அண்ணாச்சி நோட்டுலதான் இருக்கும்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆதிமூலம் சிரிக்கவில்லை. ஏழாவது கணினியின் பின்னால் போகும் கேபிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், இது முழிச்சதே சர்வர்கிட்ட வந்துதான?”

“ஆமா.”

“செத்த கார்டு வழியா வந்திருக்காதே.”

“வராது.”

“முழிச்சதுக்கு அப்புறம் எந்தக் கார்டுன்னு கேக்குது. வந்ததே அது வழியாத்தான்.”

“ம்.”

அவர் எழுந்துவிட்டார். எந்தக் கார்டு வழியாக ஒரு கணினி வந்ததோ, அதன் பெயரைச் சர்வரே தொடக்க வரியில் சேர்த்து அனுப்பும்படி செய்யலாம். பாடப் புத்தகத்தில் அதை அவர் படித்திருந்தார். தேவைப்படாது என்று விட்டிருந்தார். ‘முதல் கார்டு’ என்பதை அழித்தார். ‘வந்த கார்டு’ என்று பொருள்படும் சொல்லை எழுதினார். ஏழாவது கணினியை இரண்டு முறை சோதித்தார். இரண்டு முறையும் படித்தது. மூடிகளைப் பூட்டாமலே எல்லாச் சுவிட்சுகளையும் போட்டார். கடைசிச் சுவிட்ச், இரண்டு ஐம்பத்தெட்டு.

பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஒன்பது மூடிகளையும் திருகி முடித்தார். திருகாணி ஒன்று மிஞ்சியது. எதனுடையது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மூன்று நாற்பத்தெட்டுக்கு ஞானதாஸின் கணினி முதலில் பேசியது. அடுத்து மூலையில் ஒன்று. பிறகு கணக்கு வைக்க முடியாத வேகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பேசின. ஏழாவது மட்டும் பேசவில்லை. வேம்பு ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆதிமூலம் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார்.

மூன்று ஐம்பத்து மூன்றுக்கு அவள் கீபோர்டில் தன் பெயரைத் தட்டினாள்.

“வேபுன்னு சொல்லுது. ‘ம்’ விட்டுட்டேன் அண்ணாச்சி” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பார்வையாளர் நான்கு ஐந்துக்கு வந்தார். ஒவ்வொரு ஹெட்போனையும் காதில் வைத்துக் கேட்டார். இருபத்தாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எல்லோரும் டீ குடிக்கப் போனபின் ஆதிமூலம் குருவின் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

“டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க அண்ணாச்சி.”

“உங்களுக்கு இது ஒரு மணிக்கே தெரியும்.”

“தெரியும்.”

“அப்பவே சொல்லியிருந்தா அந்தப் பிள்ளை இவ்வளவு நேரம் பயந்துக்கிட்டு இருந்திருக்க வேண்டாம்.”

“அது என் தப்புதான். மூணு மணி ஆனா நானே எழுதிப் போட்டிருப்பேன்.”

“எனக்காவது முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?”

ஜெசிந்தா சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைத்தார்.

“சொல்லத்தான் நினைச்சேன். உங்களுக்கு எந்தக் கார்டு வழியா உள்ள போகும்னு தெரியலையே, அண்ணாச்சி.”