கல் சுமந்த தட்டான்கள்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, மந்திரம் மலிஞ்சுபோய் மழை மட்டும் அரிதான ஒரு காலத்துல, அல்லிப்பாடின்னு ஒரு ராஜ்ஜியம் இருந்துச்சு. தட்டான் தாழப் பறந்தா தப்பாம மழை வரும்னு நமக்குத் தெரியும். அந்த ஊர் ராசா வேழமுடிக்கும் தெரியும். மழை பொய்ச்சுப் பயிரெல்லாம் கருகினதும் மனுசன் என்ன செஞ்சாரு தெரியுமா? தட்டானைத் தாழப் பறக்க வைக்கக் கிளம்பிட்டாரு. கூத்தைப் பாருங்க!

கரிமுகன்னு ஒரு மாயாவிதான் அந்த யோசனையைச் சொன்னான். "உங்க பூங்காக் குளத்துத் தட்டானுக்கெல்லாம் வாலுல நூலைக் கட்டி, நூலுல கல்லைக் கட்டுங்க ராசா. அப்புறம் மழை வராம எங்க போகும்?"

ராசா தன் கையாலயே முதல் முடிச்சைப் போட்டாரு. செந்தட்டான், பச்சைத்தட்டான், றெக்கையை மடிச்சு உட்கார்ற ஒல்லி ஊசித்தட்டான், எல்லாம் கல்லை இழுத்துக்கிட்டுத் தரையோட தரையாப் பறந்துச்சு. மழை வரலை. "தட்டான் பத்தலை"ன்னு சொல்லிட்டு, ராசாவுக்குத் தெரியாம கரிமுகன் இன்னொரு வேலையும் பார்த்தான். அந்தக் குளத்துத் தண்ணியில கை வச்சவங்களை எல்லாம் ஊதி ஊதித் தட்டானா மாத்தி, அவங்க வாலுலயும் கல்லைக் கட்டிட்டான்.

அப்படி மாட்டினவங்கள்ல ஒருத்தன் மாடக்கண்ணு. தண்ணி எடுக்கப் போன புருசன் திரும்பலையேன்னு அவன் பொண்டாட்டி குருவம்மா தேடி வந்தா. படித்துறையில குடம் மட்டும் கவுந்து கிடந்துச்சு. ஒரு செந்தட்டான் கல்லை இழுத்துக்கிட்டுத் தத்தித் தத்தி வந்து அவ தோள்ல உட்கார்ந்துச்சு.

"குருவு, நான்தான். தண்ணியைத் தொட்டுடாத. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள முடிச்சு அவிழலைன்னா நாங்க காலம் பூரா தட்டான்தான்."

குருவம்மா அழுதுக்கிட்டு நிக்கற ஆளு இல்ல. முடிச்சை இழுத்தா, இறுகுச்சு. பல்லால கடிச்சா, இன்னும் இறுகுச்சு. கல்லால தேய்ச்சு அறுத்தா, அறுந்த நூல் திரும்ப ஒட்டிக்கிச்சு.

"முதல் முடிச்சைப் போட்ட ராசா கையால அவிழும், இல்லேன்னா அந்த மாயாவி கையால அவிழும்"னுச்சு மாடக்கண்ணு.

சொல்லி வாய் மூடலை, கரிமுகன் வந்து நின்னான். அவளைப் பார்த்து ஊதினான். அவ தண்ணியைத் தொடாததால மந்திரம் பலிக்கலை. உடனே குரலைத் தழைச்சுக்கிட்டான். "இந்தா பொண்ணே, உன் புருசனை மட்டும் அவுத்து விடறேன். வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போ."

குருவம்மா குளத்தைப் பார்த்தா. அத்தனையும் ஊருச் சனம். "இவரை மட்டும் கூட்டிட்டுப் போயிட்டு நாளைக்கு யார் மூஞ்சியில முழிக்கிறது? எல்லாரையும் கூட்டிட்டுத்தான் போவேன்"னு சொல்லிட்டு அரண்மனைக்கு நடந்தா.

வாசல்ல காவக்காரன் போன்னான். போகலை. மந்திரி வந்து போன்னாரு. போகலை. ராசாவோட தேர் வெளிய வந்துச்சு, தேரோட்டி சாட்டையைக் காட்டினான். அவ தேருக்குக் குறுக்கால சம்மணம் போட்டு உட்கார்ந்துட்டா. ராசா இறங்கி வந்தாரு.

"மழை வந்தா எல்லாரும் பிழைக்கலாமேம்மா. அதுக்குத்தானே செஞ்சேன்?"

"கோழி கூவித்தான் பொழுது விடியுதா ராசா? அதோட கழுத்தைப் பிடிச்சுக் கூவ வச்சா சூரியன் எந்திரிச்சு வந்துடுமா? மழை வரப்போறது தெரிஞ்சுதான் தட்டான் இறங்குது. அது இறங்கறதால மழை வரலை. அந்த மாயாவி ஊருச் சனத்தையும் தட்டானா மாத்தி வச்சிருக்கான், நீங்க கட்டச் சொன்ன கல்லு உங்க சனத்து மேலதான் தொங்குது. வந்து பாருங்க."

ராசாவுக்கு முகம் செத்துப்போச்சு. தேரை விட்டுட்டு ஓட்டமா ஓடி வந்தாரு. குளத்தங்கரையில முட்டி போட்டு ஒரு முடிச்சை அவிழ்த்தாரு. தட்டான் இருந்த இடத்துல துணி வெளுக்கற பொம்பளை ஒருத்தி எந்திரிச்சு நின்னா. ராசா தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

"எதும்மா உன் புருசன்? அவனை முதல்ல அவிழ்க்கறேன்."

"அவரு பொறுத்துக்குவாரு. பச்சப்புள்ளைங்க இருக்கு, முதல்ல அதுங்களைப் பாருங்க."

முடிச்சு அவிழ அவிழ மாயாவி சுருங்கினான். ஆள் அளவு போயி, பூனை அளவு போயி, கடைசியில எறும்பு அளவாகி ஒரு மீன் வாயில போயிட்டான். பொழுது இறங்கிக்கிட்டே இருந்துச்சு. ராசா விரல்ல ரத்தம் வந்துடுச்சு. கடைசியா மிஞ்சின மாடக்கண்ணோட முடிச்சு அசையலை.

"பதறாதீங்க ராசா, நகத்தைக் கொடுத்து நெம்புங்க"ன்னா குருவம்மா. சூரியன் நெத்திப்பொட்டு அளவு மிச்சம் இருக்கறப்போ முடிச்சு விட்டுச்சு. மாடக்கண்ணு முழு மனுசனா எந்திரிச்சு நின்னான்.

நிஜத் தட்டானெல்லாம் ஒண்ணாக் கிளம்பி மேல மேல போச்சு. ராசா அதுங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாரு. கொஞ்ச நேரத்துல, யாரும் கட்டாம, யாரும் கூப்பிடாம, அதுங்களாவே தாழ இறங்கி வந்துச்சு. பின்னாடியே இடி முழங்கி மழை கொட்டுச்சு. இனி இந்தக் குளம் ஊருக்குத்தான், தட்டான் வாலுல யாரும் நூல் கட்டக்கூடாதுன்னு ராசா அந்த மழையில நனைஞ்சுக்கிட்டே உத்தரவு போட்டாரு.

புருசனும் பொண்டாட்டியும் குடத்தைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு நடந்தாங்க.

"என்னைப் போய்க் கடைசியில வச்சியே குருவு. பொழுது சாஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்ப?"ன்னான் மாடக்கண்ணு.

"என்ன பண்ணுவேன்? காலம் பூரா உன்னைத் தோள்லயே உட்கார வச்சுக் குடும்பம் நடத்தியிருப்பேன்"னு சொன்னவ, அதுவரைக்கும் அடக்கி வச்சிருந்த அழுகையெல்லாம் அழுது தீர்த்தா.