அட்ரஸ் மட்டும் கொடுத்த ஃபங்ஷன்

"மறுபடியும் செத்துப்போச்சுங்க மேடம்" என்றார் திருமூர்த்தி.

மெஹருன்னிசா நிமிரவில்லை. "எது? மெஷினா, நம்மளுதா?"

"நம்மளுதுதான்."

செத்தது ஒரு டிபக்கர். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நடுவழியில் நிறுத்தி, அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க உதவும் கருவி. கோயமுத்தூரில் ஒரு சின்னக் குழு அதை எழுதிப் பராமரித்து வந்தது. குழுவுக்குத் தலைவி மெஹருன்னிசா. திருமூர்த்தி வயதில் மூத்தவர். மில்லில் மோட்டார் வேலை பார்த்துவிட்டு, நாற்பதைத் தாண்டிய பிறகு சி மொழி படித்து, மெஹருன்னிசாவிடம் தொழில் பழக வந்தவர்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனை. பச்சைக் குழந்தைகளுக்கு மூச்சுக் கொடுக்கும் வென்டிலேட்டர் ஒன்று அங்கே காரணமே இல்லாமல் நின்றுபோகும். மணி அடிக்கும். நர்ஸ் ஓடிவந்து, காற்றுப் பையைக் கையால் அழுத்தி அழுத்தி மூச்சைக் கொடுப்பார். இதுவரை எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த மெஷினைக் கழற்றி இவர்களிடம் அனுப்பிவிட்டார்கள். ஆனால் அதே ரகத்தில் இன்னும் சில, வார்டில் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

மெஷின் நின்ற கணத்தில் அதன் நிரலுக்குள் என்ன நடந்தது? அதைக் கேட்கும்போதெல்லாம் டிபக்கர் முந்திக்கொண்டு செத்தது. நோயாளியைப் பார்க்க வந்த டாக்டர் வாசல்படியிலேயே மயங்கி விழுந்த கதைதான்.

"செத்த இடத்துல எல்லாம் காவல் போட்டுட்டேனுங்க. நிரல் மெமரியில வெச்சிருக்கற பொருள் இன்னும் இருக்குதான்னு கேட்டுட்டுத்தான் உள்ள போகுது" என்றார் திருமூர்த்தி.

"இன்னும் சாகாத இடத்துல?"

திருமூர்த்தி திரையை மேலும் கீழும் நகர்த்தினார்.

"இருக்குதுன்னு பதில் வந்து, நீங்க உள்ள போறதுக்குள்ள அது போயிட்டா?"

திருமூர்த்தி விடுகிற ஆள் இல்லை.

"எந்த இடத்துல தப்புன்னு மட்டும் காட்டுங்க மேடம். இன்னைக்கே சரி பண்ணிப்போடறேன்."

மெஹருன்னிசா டிபக்கரின் நிரலில் ஒரு துண்டை, ஒரு ஃபங்ஷனை, திறந்து காட்டினார். சின்னது. பெயரைச் சொன்னால் பொருளைத் தரும். டிபக்கரின் எல்லா மூலையிலிருந்தும் அதைத்தான் கூப்பிடுவார்கள்.

"இது என்ன கொடுக்குதுங்ணா?"

"கேட்ட பொருளை."

"பொருளையா?"

திருமூர்த்தி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"இல்லீங்க. பொருளோட அட்ரஸை. மெமரியில அது இருக்கற இடத்தை மட்டும்."

"வாங்க, அந்த மெஷினை இறக்கலாம்" என்று எழுந்தார் மெஹருன்னிசா.

சோதனை முடிந்ததும் வென்டிலேட்டரை ஸ்டோர் ரூம் ரேக்கின் மேல்தட்டில் ஏற்றி வைத்திருந்தார்கள். மெஹருன்னிசா ஏணியில் ஏறி அதை விளிம்புக்கு இழுத்தார். திருமூர்த்தி கீழே கைகளை நீட்டி நின்றார்.

"விடுங்க மேடம்."

மெஹருன்னிசா விடவில்லை.

"விடுங்க, நான் பாத்துக்கறேன்."

விடவில்லை.

திருமூர்த்தி இன்னும் ஓரடி நெருங்கினார். மெஷினின் அடியில் இரண்டு கைகளையும் கொடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"பிடிச்சுட்டேனுங்க."

அப்புறம்தான் மேலே இருந்த கைகள் விலகின.

மெஹருன்னிசா இறங்கிவந்து ஏணியை மடக்கினார். முக்காட்டைச் சரிசெய்தார். ஃபோனை எடுத்து எதையோ படிக்க ஆரம்பித்தார்.

"மேடம், கை கடுக்குது."

"யார் கையில இருக்குது?"

"என் கையில."

"அப்புறம் என்னைக் கேட்டா?"

திருமூர்த்தி மேஜையைத் தேடிப்போய் மெஷினை இறக்கிவைத்தார். நேராகத் தன் நாற்காலிக்குப் போனார்.

அந்த ஃபங்ஷனின் உருவத்தையே மாற்றினார். இனி அது அட்ரஸை நீட்டாது. முதலில் பொருளைத் தானே இறுகப் பிடிக்கும். பிடித்தபடியே கேட்டவர் கையில் கொடுக்கும். பொருள் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடும். வாங்கியவர் வேலை முடிந்ததும் இறக்கிவைத்தே ஆகவேண்டும். யாராவது ஒருவர் கையில் இருக்கும்வரை டிபக்கருக்குள் வேறு யாரும் அதை அழிக்க முடியாது.

எழுதிய நிரலைச் சரிபார்த்து மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலரை ஓட்டினார். திரை முழுக்கச் சிவப்பு. பழைய முறையில் கூப்பிட்ட ஒவ்வொரு இடமும் "இது செல்லாது, இது செல்லாது" என்று கத்தியது.

"மேடம், நேத்து வரைக்கும் ஒண்ணுமே சொல்லாத நிரலுங்க இது!"

"ஆமா. ஒண்ணும் சொல்லாமத்தான் செத்துச்சு."

மத்தியானம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பழைய பெயரில் ஒரு குட்டி ஃபங்ஷனை நடுவில் எழுதினார். அது புதியதைக் கூப்பிட்டுப் பொருளை வாங்கி, உடனே இறக்கிவைத்துவிட்டு, அட்ரஸை மட்டும் பழையபடி நீட்டும். சிவப்பு மொத்தமும் மறைந்தது. மூச்சு வந்தது அவருக்கு.

மெஹருன்னிசா வந்து பார்த்தார். அந்தக் குட்டி ஃபங்ஷனை அழித்தார். திரை மறுபடி சிவந்தது.

"சாப்பிட்டீங்களாங்ணா?"

"இல்லீங்க."

"சாப்பிட்டு வந்து உட்காருங்க."

உட்கார்ந்தார். ஒவ்வொரு இடமாகப் போனார். வாங்கியதை எங்கே இறக்குவது? ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கேள்வி. சில இடங்களில் பாதி வழியிலேயே வெளியேறும் பாதை ஒன்று ஒளிந்திருந்தது, அங்கேயும் இறக்கிவைத்தார். சில இடங்களில் பொருள் யார் பொறுப்பு என்று எழுதியவருக்கே தெரிந்திருக்கவில்லை. அவற்றைப் பிரித்துப்போட்டுப் புதிதாக எழுதினார். குழுவில் மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். "ஓடிட்டிருந்ததை ஏங்ணா நோண்டறீங்க?" என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். திருமூர்த்தி திரும்பிப் பார்க்கவில்லை. கண் எரிந்தது, முதுகு வலித்தது. சிவப்பு வரி வரியாகக் குறைந்தது. வார முடிவில் ஒன்றுகூட இல்லை.

மேஜையில் இருந்த வென்டிலேட்டரை டிபக்கரோடு இணைத்து ஓடவிட்டார். ஒரு காலையில் அது நின்றது. மணி அடித்தது.

எப்போதும் டிபக்கரைக் கொல்லும் அதே பொருளைக் கேட்டார். 

டிபக்கர் சாகவில்லை. பதில் ஒரு வரியில் வந்தது: கேட்ட பொருளை மெஷினின் நிரலே அழித்துவிட்டது, அதே நிரலின் இன்னொரு பகுதி இன்னும் அதை வைத்துத்தான் மூச்சை அளந்துகொண்டிருக்கிறது.

திருமூர்த்தி ஃபோனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். மெஷின் செய்கிறவர்களோடு வெகுநேரம் பேசினார். ஒரு கட்டத்தில் குரல் உயர்ந்தது.

உள்ளே வந்ததும் மெஹருன்னிசா கேட்டார். "என்ன சொல்றாங்க?"

"ஓடிட்டிருக்கிற மெஷினையெல்லாம் இப்பவே வார்டுல இருந்து எடுக்கச் சொல்லிட்டாங்க. ஆனா அவங்களுதுலயும் அட்ரஸை நீட்டற ஃபங்ஷன்தானுங்க. அதை மாத்தினா மொத்த நிரலும் உடைஞ்சிடுமேன்னு பயப்படறாங்க. இருக்குதான்னு கேக்கற மாதிரி ஒரு காவல் போட்டுட்டாப் போதாதாங்கறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உடையட்டும்னேன்."