களவு போன கால்கள்

முன்னொரு காலத்தில், அரசர்களுக்கு வயதாவதே இல்லை என்று அரசவை மொத்தமும் நம்புவதாகக் காட்டிக்கொண்ட காலத்தில், கோதண்டவர்மன் என்றொரு மன்னர் இருந்தார். படுக்கையிலிருந்து குளிக்கப் போவதற்கும் அவருக்குப் பல்லக்குதான். அரசர் பாதம் தரையில் பட்டால் ஆயுள் கசிந்துவிடும் என்று விதித்தவர் அரண்மனை வைத்தியர் திருமேனிநாதர்.

ஒருநாள் பல்லக்கிலிருந்து இறங்கிச் சிம்மாசனம் ஏறும்போது மன்னரின் முழங்கால் மடங்கிற்று. ஆள் விழுந்தார், கிரீடம் உருண்டது. சபையினர் எல்லோரும் ஒரே சமயத்தில் விதானத்து ஓவியங்களை ரசிக்கத் தொடங்கினார்கள்.

வைத்தியர் முந்திக்கொண்டார். "மன்னர் பெருமானுக்கு மூப்பு ஏது? தங்கள் பலத்தை எவனோ திருடுகிறான். அவனைப் பிடிக்கும் சாமர்த்தியம் விகடகவி செவ்வந்தியப்பனுக்கே உண்டு. பிடிக்காவிட்டால் அவனும் கூட்டுக் களவாணிதான்."

நாளைக் காலைக்குள் திருடன் வர வேண்டும், இல்லாவிட்டால் செவ்வந்தியப்பனுக்குக் கழுமரம் என்றார் மன்னர்.

வேர்த்துப்போய் வெளியே வந்தான் செவ்வந்தியப்பன். வாசலில் தச்சன் ஏற்கெனவே மரத்தை இழைத்துக்கொண்டிருந்தான். "அண்ணே, கொஞ்சம் நேரா நில்லுங்க. உயரம் பாத்துக்கறேன்" என்றான், சட்டைக்கு அளவெடுப்பவனைப் போல.

செவ்வந்தியப்பன் பல்லக்குக் கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டான். உள்ளே குந்தியிருந்த பல்லக்குத் தூக்கி வேம்பன், அரசர் பிறந்த வருஷமே பிறந்தவன், கையை ஊன்றாமல் எழுந்து வணங்கினான். செவ்வந்தியப்பனின் பார்வை அவன் கெண்டைக்காலில் நின்றது. விடை கிடைத்துவிட்டது. சொன்னால் வேம்பன் கழுவில் ஏறுவான். சொல்லாவிட்டால் தான் ஏற வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை இரவெல்லாம் தேடினான்.

காலையில் வேம்பனைச் சபை நடுவே நிறுத்தினான். "களவுப் பொருள் இவன் கெண்டைக்காலில் இருக்கிறது, மகாராஜா. தொட்டுப் பாருங்கள்."

மன்னர் தொட்டார், கருங்கல். தம் காலைத் தொட்டார், ஊறிய அவல். "வெட்டுங்கள் அந்தக் கால்களை" என்றார். வாள் உறையைவிட்டு வந்தது.

"ஐயா, உங்களுக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்?" என்றான் வேம்பன், மெதுவாக.

செவ்வந்தியப்பன் மன்னர் காலடியில் விழுந்தான். "வெட்டினால் பொருள் பாழாகும், மகாராஜா. தாங்கள் நடக்க வேண்டியதையெல்லாம் இவன் நடந்து நடந்தே எடுத்துக்கொண்டான். நடந்துதான் திரும்ப வாங்க வேண்டும். இவன் தோளைப் பிடித்துத் தினமும் நடந்தருளுங்கள்."

"நடந்தால் வயது குறையுமோ?" என்று வைத்தியர் இளித்தார்.

"வயதை எவனும் திருடவில்லை, வைத்தியரே. அது மன்னரிடமே பத்திரமாக இருக்கிறது. களவு போனது கால்கள் மட்டும்தான்."

சபையினர் மறுபடி விதானத்தைப் பார்த்தார்கள். மன்னருக்கு வயது உண்டென்று ஒருவன் உரக்கச் சொல்லிவிட்டான்.

மன்னர் வேம்பனின் தோளைப் பிடித்தார். நடுங்கி நடுங்கிப் படியேறி, தாமே சிம்மாசனத்தில் அமர்ந்தார். மூச்சு வாங்கி முடித்ததும், களவுக்குக் கதவைத் திறந்துவிட்டவன் யார் என்று கேட்டார். எல்லாக் கண்களும் வைத்தியரிடம் போயின. அன்றே பல்லக்கின் முன்கொம்பு அவர் தோளுக்கு வந்தது. உள்ளே பாரத்துக்கு அவருடைய மருந்துப் பெட்டிகள்.

மன்னர் தம் பொற்கடகத்தைக் கழற்றிச் செவ்வந்தியப்பனுக்குக் கொடுத்தார். அவன் கூடவே அந்தக் கழுமரத்தையும் கேட்டான், அதை வெட்டி மன்னருக்கு ஊன்றுகோல் செய்ய. தச்சன் வந்தான். "கொஞ்சம் நேரா நில்லுங்க. உயரம் பாத்துக்கறேன்" என்று பழக்க தோஷத்தில் மன்னரிடமே சொல்லிவிட்டு வெளிறிப்போனான்.

மன்னர் முடிந்தவரை நிமிர்ந்து நின்றார். பிறகு விதானம் அதிரச் சிரித்தார். சபையும் சிரித்தது. செவ்வந்தியப்பன் மட்டும் தச்சன் கையிலிருந்த இழைப்புளியைப் பார்த்துக்கொண்டே சிரித்தான்.