டீசல் பாயிண்டில் பத்து நாள்

ரயில்வே காலனி வாசலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் உண்டு. ஜெராக்ஸ், லேமினேஷன், மொபைல் ரிப்பேர், எல்லாம் ஒரே அறைக்குள். சாயங்காலம் நாலு மணி ஆனால் அங்கே ஆறு கம்ப்யூட்டரிலும் ரயில் ஓடும். விளையாட்டு ரயில்தான். ஆனால் ஆறு பேரும் ஒரே லைனில், ஒரே சிக்னலுக்குக் கட்டுப்பட்டு ஓட்ட வேண்டும்.

சொல்லிக்கொடுப்பவள் கடைக்காரி தேன்மொழி. முப்பத்துநாலு வயசு, அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். எல்லாரும் அவளைக் குரு என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டலுக்கு ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவளிடம் புதிதாகச் சேர்ந்த சிஷ்யர் மரியசூசைக்கு வயசு அறுபத்துமூன்று. அசல் டீசல் எஞ்சினை முப்பத்திரண்டு வருஷம் ஓட்டி ரிட்டையர் ஆனவர். அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு இந்தப் பொம்மை எஞ்சின் தண்ணி காட்டியது. தினமும் பாதி வழியில் டீசல் தீர்ந்து நின்றுவிடும். பின்னால் வரும் ஐந்து வண்டியும் நிற்கும். "ஐயா, இன்னைக்குமா?" என்று அறையே சிரிக்கும்.

ஒருநாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"தேனம்மா, என் சர்வீஸ்ல ஒரு எஞ்சின்கூட டீசல் இல்லாம நின்னதில்ல. இது மட்டும் ஏன் நிக்குது?"

அவள் ஒரு செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"டீசல் பாயிண்டைத் தாண்டித் தாண்டிப் போறீங்களே, ஐயா."

"அங்க நின்னா லேட்டாகுமே!"

"அப்ப உங்க சர்வீஸ்ல யாரு நிரப்பினாங்க?"

"ஷெட்ல நிரப்பி வச்சிருப்பாங்க. நான் மீட்டரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டு ஏறுவேன்."

"யாரு, ஐயா?"

"கலாசிங்கதான், ஷெட்டுல எடுபிடி வேலை பார்க்கிறவங்க."

"பேரு?"

மரியசூசை யோசித்தார். காக்கிச் சட்டை ஞாபகம் வந்தது, எண்ணெய்க் கறை ஞாபகம் வந்தது. ஒரு முகம்கூட வரவில்லை. பேச்சை மாற்றினார்.

உண்மையில் அவர் விளையாட வந்த ஆளே இல்லை. வீட்டில் இருக்க முடியாமல் வந்தவர். போன மாசம் அவர் மனைவி அருளாயி அடுப்படியில் மயங்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். "இந்தம்மா உடம்புல ரத்தமே இல்லையே, என்னதான் சாப்பிடுறாங்க?" என்று டாக்டர் இவரைக் கேட்டார். இவர் அருளாயியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். மகள் வந்து திண்டுக்கல்லுக்கு அழைத்துப் போனாள். இப்போது போன் செய்தால், "நான் இங்கேயே இருந்துக்கிறேன்" என்கிறாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாகச் சொல்கிறாள்.

"நாப்பது வருஷம், தேனம்மா. நான் குடிச்சதில்ல, கை நீட்டினதில்ல. என்ன சொன்னா அவ வருவா?"

தேன்மொழி கண்ணாடிக்கு அடியில் இருந்த காற்றுக் குமிழை ஓரத்துக்குத் தள்ளினாள்.

"நாளையிலேர்ந்து நீங்க ஓட்ட வேண்டாம், ஐயா. டீசல் பாயிண்ட்ல நில்லுங்க. பத்து நாள்."

"நான் என்ன கேட்டேன், நீ என்ன சொல்ற?"

"பத்து நாள்" என்றாள்.

"மெயில் வண்டி ஓட்டினவன்மா நான்!"

"தெரியும், ஐயா."

மறுநாள் வரவே கூடாது என்றுதான் இருந்தார். நாலு மணிக்கு வீடு மறுபடியும் ஓவென்று கிடந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த விளையாட்டில் டீசல் நிரப்புவது லேசுப்பட்ட வேலை இல்லை. எஞ்சின் வந்து நிற்கும். குழாயை இழுத்துப் போய் மாட்ட வேண்டும். டேங்க் நிரம்பும் வரை ஒரு பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் விரல் எடுத்தால் குழாய் கழன்றுவிடும், முதலிலிருந்து மாட்ட வேண்டும். நிரம்பியதும் எஞ்சின் போய்விடும். அடுத்தது வந்து நிற்கும்.

முதல் நாள் சலிப்பு. இரண்டாம் நாள் விரல் வலி. மூன்றாம் நாள் ஆத்திரம்.

"ஒருத்தனாவது திரும்பிப் பார்க்கிறானா பாரு!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார்.

தேன்மொழி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள், கூட விளையாடும் போஸ்ட்மேன் கதிர்வேலன் முக்கால் டேங்கிலேயே கிளம்பப் பார்த்தான். "ஏய், நில்லுப்பா! மலைப்பாதை ஏறணுமில்ல, இது பத்தாது" என்று பதறிப்போய்ப் பிடித்து நிறுத்தினார். அதற்கப்புறம் அவருக்கே தெரியாமல் ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்த எஞ்சின் வந்தாலும், "எவ்வளவு தூரம் போகணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் குழாயை எடுப்பார்.

எட்டாம் நாள் ஒரு சங்கதி நடந்தது. டேங்க் நிரம்பி எஞ்சின் நகர்ந்தபோது கதிர்வேலன் ஹாரனைச் சின்னதாக ஒரு தட்டுத் தட்டினான். பாம்.

"அட! எனக்கா?"

"உங்களுக்குத்தான், ஐயா."

மரியசூசைக்கு முகமெல்லாம் பல். எழுந்து தேன்மொழியிடமே வந்துவிட்டார்.

"கேட்டியா தேனம்மா? ஹாரன் அடிச்சுட்டுப் போறான்! எனக்காக!"

"கேட்டேன், ஐயா." அவள் முதல் தடவையாகக் கையில் இருந்ததை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "முப்பத்திரண்டு வருஷத்துல நீங்க எத்தனை தடவை அடிச்சீங்க?"

சிரிப்பு அப்படியே நின்றது. போய் உட்கார்ந்தார். அடுத்த எஞ்சின் வந்து காத்துக் கிடந்தது. குழாயை எடுக்க அவருக்குக் கை வரவில்லை.

வீட்டுக்குப் போனதும் நேராக அடுப்படிக்குப் போனார். மேல் தட்டில் டியூட்டி கேரியர் இருந்தது. மூன்று அடுக்கு, கைப்பிடியில் சின்ன நசுங்கல். காலை மூணு மணி டியூட்டியானாலும், ராத்திரி பன்னிரண்டானாலும், கிளம்பும்போது அது கனமாக வாசலில் இருக்கும். அவர் எடுத்துக்கொண்டு போவார். காலியாகக் கொண்டுவந்து வைப்பார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அதை மடியில் வைத்துக்கொண்டு கேவிக் கேவி அழுதார்.

ஒன்பதாம் நாள் வந்தார், பத்தாம் நாளும் வந்தார். வந்து நிரப்பினார்.

பதினோராம் நாள் காலை, தேன்மொழி கடை ஷட்டரைத் தூக்கும்போது வாசலில் நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் கேரியர், விரலில் பிளாஸ்திரி.

"என்ன ஐயா, கையில?"

"கத்தி பட்டுடுச்சு. மூணு தடவை சாதம் குழைஞ்சுபோச்சு, நாலாவது பரவாயில்ல." கேரியரை லேசாகத் தூக்கிக் காட்டினார். "நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. அவளுக்கு என்ன பிடிக்கும்னு மககிட்டத்தான் கேட்டேன். எனக்குத் தெரியல, தேனம்மா. நாப்பது வருஷம். எனக்குத் தெரியல." கேரியர் மூடியை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "ரத்தம் ஊறுமேன்னு முருங்கைக்கீரையும் வச்சிருக்கேன்."

"நல்லது."

"திண்டுக்கல் போறேன். போயி என்ன சொல்றது? வீட்டுக்கு வான்னு கூப்பிடவா? மன்னிச்சுக்கன்னு சொல்லவா? அன்னைக்கே கேட்டேன், நீ பதிலே சொல்லல."

தேன்மொழி பூட்டை ஷட்டர் ஓரத்தில் மாட்டினாள்.

"பத்து நாளா எஞ்சின்கிட்ட என்ன சொன்னீங்க, ஐயா?"

"எஞ்சின்கிட்டயா? ஒண்ணும் சொல்லலையே. எவ்வளவு தூரம் போகணும்னு கேட்டேன். நிரம்புற வரைக்கும் விரல எடுக்காம நின்னேன்."

"எங்கிட்ட திரும்பி வருவியான்னு கேட்டீங்களா?"

"அதை எப்படிம்மா கேக்கிறது? போறது அதோட இஷ்டம், நிரப்புறதுதான் நம்ம..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டார்.

கேரியர் சூடு சட்டையில் பட்டது. அவர் அதை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"கிளம்புங்க, ஐயா" என்றாள் குரு. "குழம்பு ஆறிடப் போகுது."