பெயர் கேளாத பொம்மனார்

திருமேற்காரை என்னும் ஊரின் தென்கோடியில், செத்த மாட்டின் தோலை உரித்துப் பதமிட்டுத் தைத்துப் பிழைத்து வந்தார் பொம்மனார். ஊரார் அவரைப் பொம்மன் என்றே அழைத்தனர். பலர் அதையும் சொல்லாமல் ‘டேய்’ என்பதோடு நிறுத்திக்கொண்டனர். அடியேன் அவரைப் பொம்மனார் என்றே எழுதுகிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அவர் தைத்தவை செருப்பும், கிணற்றில் நீர் இறைக்கும் கமலைச் சாலின் அடியில் நீர் கொட்டும் குழாயாக மாட்டும் தோல் வாலும். திருமேற்காரையில் கோயில் கொண்ட துணையிருந்த நாதருக்கு ஒரு நந்தவனம் உண்டு. அதன் கிணற்றுச் சாலுக்கு ஆண்டுக்கு இரண்டு தோல் வால் தைத்துத் தருவதைப் பொம்மனார் தம் தொண்டாகக் கொண்டிருந்தார். நல்ல தோலாகப் பார்த்து எடுத்து வைப்பார். தைத்து முடித்ததும் வேலிக்கு வெளியே வைத்துவிட்டு விலகி நிற்பார். தோட்டக்காரர் அதன்மேல் நீர் தெளித்து எடுத்துச் செல்வார். கோயில் வாசலைப் பொம்மனார் கண்டதே இல்லை. நாள்தோறும் காலையில் வயல் வரப்பில் நின்று கோபுரத்தை நோக்கிக் கைகூப்பி, “அய்யா, இருக்கேன்” என்பார். அவர் அறிந்த வழிபாடு அவ்வளவே.

அவருடைய மனைவியார் கெங்கையார். மணமாகிப் பதினோராண்டு சென்றும் பிள்ளையில்லை. சிரிக்கத் தெரிந்த பெண்மணி. கணவர் கோபுரத்தைக் கும்பிட்டு வரும்போது, “என்ன மாமா, ஒங்க சாமி இன்னிக்காச்சும் பதில் சொன்னாரா?” என்பார். “சொன்னா எனக்குப் புரியணுமே புள்ள” என்பார் அவர்.

அக்காலத்தில் இந்நாட்டுச் சாதிகள் பலவும் வலங்கை, இடங்கை என இரண்டாகப் பிரிந்து நின்றன. உழுவோரும் அவரைச் சார்ந்தோரும் வலங்கை. தட்டாரும் தச்சரும் கொல்லரும் அவரைச் சார்ந்த வணிகரும் இடங்கை. எந்தக் கொடியை யார் பிடிக்கலாம், எந்தத் தெருவில் யார் பல்லக்கேறிப் போகலாம் என்று அவர்களுக்குள் ஓயாத வழக்கு. தோல் தைப்போர் நிலைதான் விந்தை. அவர்களில் ஆண்கள் இடங்கை, பெண்கள் வலங்கை என்று என்றோ எவரோ வகுத்து வைத்திருந்தனர். ஒரே பானையில் உண்டு ஒரே பாயில் படுக்கும் இருவரை இரண்டு படையில் சேர்த்த அந்தக் கணக்கு யாருக்கும் புரியவில்லை. அமைதியான நாள்களில் அதனால் தீங்கும் இல்லை.

உலகில் எந்த ஊர்க் கலகத்தின் வரலாற்றைக் கேட்டாலும் அதன் தொடக்கம் வெட்கப்படும்படி சிறியதாகவே இருக்கிறது. திருமேற்காரையில் அது ஒரு குடை. இடங்கைத் தலைவர் அங்கப்பர் தம் தம்பி மகனுக்கு மணம் செய்வித்து, மணமகனைக் குதிரையேற்றி, வெள்ளைக் குடை பிடித்து மேலத்தெரு வழியாக அழைத்து வந்தார். வெள்ளைக் குடை வலங்கையாருக்கே உரியது என்று மேலத்தெருவார் மறித்தனர். யாரோ ஒரு கல்லை எறிந்தார்கள். குதிரை மிரண்டது. கீழே விழுந்த மணமகன் எழவேயில்லை. மாலைக்குள் மேலத்தெருவில் ஆறு வீடுகள் எரிந்தன. மறுநாள் தட்டார் தெரு முழுவதும் எரிந்தது.

மூன்றாம் நாள் இரு தரப்புக் காவலரும் தோல் தைப்போர் குடிசைகளுக்கு வந்தனர். வலங்கைப் பெண்கள் இடங்கை ஆண்களோடு ஒரு கூரையின் கீழ் இருத்தல் ஆகாது, கலகம் தீரும்வரை பெண்கள் பனந்தோப்புக்கு மேற்கே, ஆண்கள் கிழக்கே என்றனர். மீறினால் குடிசைக்குத் தீ. பச்சைக் குழந்தைகளைப் பெண்கள் தூக்கிக்கொண்டனர். நடக்கத் தெரிந்த பையன்கள் தந்தையரோடு நிறுத்தப்பட்டனர். அன்று அங்கே எழுந்த அழுகையை எழுத எனக்குத் திறமில்லை.

கெங்கையார் அடுப்பிலிருந்த கஞ்சியை இரண்டு சட்டியில் ஊற்றி, ஒன்றைக் கணவர் கையில் கொடுத்தார்.

“நான் ஒங்களுக்கு எதிரியாம் மாமா. இன்னிக்குத்தான் தெரியும்.”

“நாலு நாள்ல தீந்துரும் புள்ள. போ.”

“ஒங்க சாமிகிட்டச் சொல்லுங்க. நமக்கு வலது எடது பாக்கத் தெரியாதுன்னு.”

“அவருக்குத் தெரியும்” என்றார் பொம்மனார்.

நாலு நாளில் தீரவில்லை. தெருமுனைகளில் வாளும் வேலும் கொண்டு காவல் நின்றனர். கோயில் நடை சாத்தப்பட்டது; எந்தப் பக்கத்தார் கொண்டுவரும் பூவை முதலில் ஏற்பது என்று தீர்க்க முடியாமல் பூசை நின்றது. பூசையில்லாத கோபுரத்தைப் பார்த்து, பொம்மனார் மட்டும் வழக்கம்போல் கைகூப்பினார். காவலுக்கிருந்த இடங்கையார் எள்ளி நகைத்தனர்.

“டேய், ஒன் சாமி எந்தக் கைடா? எடமா, வலமா?”

“நான் கேட்டதில்லீங்க.”

“கேட்டுப்பாரு. வலங்கைன்னு சொன்னா ஒன்னையும் சேத்து வெட்டணும்.”

பொம்மனார் கும்பிட்டு முடித்துத்தான் கையை இறக்கினார்.

ஆறாம் நாள் காலையில் அங்கப்பர் ஆள் விட்டுப் பொம்மனாரையும் அவர் இனத்தார் சிலரையும் அழைப்பித்தார். தட்டார் தெருவின் சாம்பலில், தம்பி மகன் இறந்த நாளிலிருந்து உண்ணாமல் அமர்ந்திருந்தார் அந்த மனிதர். கண்கள் சிவந்திருந்தன. சற்றுத் தள்ளி ஒரு கன்றுக்குட்டி செத்து, வயிறு ஊதி நாறிக் கிடந்தது.

“பொம்மா, இதைத் தூக்கிட்டுப் போயி மேலத்தெரு நல்ல தண்ணிக் கிணத்துல போடு. செத்த மாட்டத் தூக்கிப் போறவன ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான்.”

பொம்மனார் கன்றைப் பார்த்தார். பிறகு அங்கப்பரைப் பார்த்தார்.

“சாமி, அந்தத் தண்ணியக் கொழந்தைங்க குடிக்கும்.”

“எங்க வீட்டுப் புள்ள செத்தானே, அவன் கொழந்தையில்லையா? இருபது வயசுடா அவனுக்கு!”

“கொழந்தைதாங்க. அவனுக்கு நான் அழுதேன். ஆனா இது என்னால ஆகாதுங்க.”

“ஒன் பொண்டாட்டி அந்தப் பக்கம் இருக்கா. அதுக்குப் பயப்படுற.”

“அவ இல்லாட்டியும் ஆகாதுங்க சாமி. அந்தக் கெணத்துத் தண்ணிய கோயில்ல இருக்கிற அய்யாதான் ஊற வைக்கிறாரு. அதுல நான் எப்படி இதப் போடுவேன்?”

அங்கப்பர் மற்றவர்களை நோக்கினார். பொம்மனாரின் பங்காளிகள் தலை குனிந்து, ஒருவர் பின் ஒருவராக நழுவிவிட்டனர். அங்கிருந்த மற்ற இடங்கையாருக்கோ செத்த கன்றைத் தொடுவது தீட்டு. ஆளைக் கொல்லத் துணிந்த கைகள் அதைத் தொடக் கூசின. அதனாலேயே அந்தக் கிணறு பிழைத்தது.

பொம்மனார் தப்பவில்லை. கொல்லர் பட்டடையின் அடைகல்லின்மேல் அவருடைய வலக்கையை வைத்து, விரல்களைச் சம்மட்டியால் நசுக்கினர். பின்னர்ப் பனந்தோப்பின் கிழக்கு ஓரத்தில் கொண்டுபோய்ப் போட்டு, “துரோகிக்கு எவனும் தண்ணி கொடுக்கக் கூடாது” என்று சொல்லிச் சென்றனர். மாசி முடிந்து பங்குனி பிறந்திருந்த நேரம். பனை நிழல் எவ்வளவு இருக்கும்? உச்சி வெயில் ஏற ஏற அவர் நாக்கு உலர்ந்து உள்ளே இழுத்தது.

தோப்புக்கு மேற்கே விறகு பொறுக்க வந்த பெண்ணொருத்தி அவரைக் கண்டு ஓடிப்போய்ச் சொன்னாள். கெங்கையார் ஒரு மண்கலயத்தில் தண்ணீர் மொண்டுகொண்டு புறப்பட்டார். வலங்கைக் காவலர் இருவர், கவணும் கல்லுமாகத் தோப்பில் நின்றிருந்தனர்.

“ஏய், நில்லு! அந்தாண்ட கால் வச்சா எடங்கையோட நீ சேந்துட்டேன்னு அர்த்தம்.”

“எம் புருசன் தண்ணியில்லாம கெடக்குறாரு. குடுத்துட்டு வந்துர்றேன் சாமி.”

“அவன் ஒனக்குப் புருசனில்ல. எதிரி.”

கெங்கையார் நிற்கவில்லை. கலயம் தளும்பாதபடி, வேகத்தை அடக்கி நடந்தார். ஓடியிருந்தால் தப்பியிருக்கலாம் என்று பின்னாளில் பலர் சொன்னார்கள். ஓடினால் நீர் சிந்தும். முதல் கல் முதுகில் பட்டது. இரண்டாவது பின்மண்டையில் பட்டது. அவர் தள்ளாடி, கணவர் பக்கத்தில் மண்டியிட்டு, கலயத்தைப் பத்திரமாகக் கீழே வைத்த பிறகுதான் சாய்ந்தார்.

பொம்மனார் இடக்கையால் அவர் தலையைத் தாங்கினார். கை நனைந்தது.

“குடிங்க மாமா.”

“நீ குடி புள்ள.”

“நான் அங்க குடிச்சிட்டுத்தான் வந்தேன். குடிங்க, நான் பாக்கணும்.”

அவர் குடித்தார். கெங்கையார் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டேயிருந்த கண்கள் அப்படியே நின்றன.

கெங்கையாரை எடுத்துச் செல்ல ஒருவரும் வரவில்லை. எல்லை தாண்டியதால் அவள் எங்களுக்கில்லை என்றனர் வலங்கையார். அவள் பிறப்பால் வலங்கை, தொடமாட்டோம் என்றனர் இடங்கையார். அவர் மட்டுமா? கடைத்தெருவிலும் சந்துகளிலும் பதின்மூன்று பிணங்கள் ஆறு நாளாய்க் கிடந்தன. ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போகும் பாதை இரண்டு தரப்புத் தெருக்களையும் கடந்தே சென்றது. ஒருவர் பிணத்தை மற்றவர் விடவில்லை. தாய்மார் சன்னல் வழியே தம் மக்களை நாய் இழுப்பதைப் பார்த்திருந்தனர்.

பொம்மனார் மனைவியின் உடலைத் தோளில் எடுக்க முயன்றார். ஒரு கையால் முடியவில்லை. இருமுறை விழுந்தார். கோபுரம் இருந்த திசையை நோக்கி, “அய்யா, ஏன்னு நான் கேக்கல. தனியாத் தூக்க முடியல. அதத்தான் சொல்றேன்” என்றார்.

“தலைமாட்டை நான் பிடிக்கிறேன்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

திரும்பினார். மெலிந்த, உயரமான ஒரு மனிதர். இடுப்பில் ஒரு துண்டைத் தவிர ஒன்றுமில்லை. நெற்றி வெறுமையாக இருந்தது. எந்தச் சாதி, எந்த ஊர் என்று சொல்ல ஓர் அடையாளமும் இல்லை.

“நான் தோல் வேலை செய்றவனுங்க. தொட்டா ஒங்களுக்கு ஆகாது.”

“நேரமாகிறது, பிடி” என்றார் அவர்.

இரண்டு பனைமட்டைகளைக் கட்டி அதில் கெங்கையாரைக் கிடத்தித் தூக்கினர். மேலத்தெரு முனையில் வேல் பிடித்தவர்கள் மறித்தனர். அவர்களில் ஒருவன் அந்த மனிதரின் மார்புக்கு நேரே வேலை நீட்டி, “நீ எந்தக் கை?” என்றான்.

அவர் சுமையைத் தோளில் சரித்துக்கொண்டு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். “இரண்டும் இருக்கிறதே அப்பா. ஒன்றை வெட்டி எங்கே போடச் சொல்கிறாய்?”

கேட்டவன் வேலைத் தாழ்த்தினான். ஏன் தாழ்த்தினான் என்று அவனுக்கே தெரியவில்லை. கிழவனாகிச் சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி அழுதானாம்.

ஆற்றங்கரையில் கெங்கையாரைப் புதைத்தனர். குழி தோண்டியவர் அந்த மனிதரே. மண்ணைத் தள்ளி முடித்ததும் பொம்மனார் எழுந்து, “இன்னும் பதிமூணு பேரு கெடக்குறாங்க” என்றார். தம் மனைவியைக் கொன்ற தரப்பார் அதில் எழுவர். தம் விரலை நசுக்கிய தரப்பார் அறுவர். அவர் பிரித்துப் பார்க்கவில்லை. இருவரும் திரும்பி நடந்தனர்.

பொழுது சாயும்வரை சுமந்தனர். ஒவ்வொரு நடைக்கும் பொம்மனாரின் கையிலிருந்து குருதி வடிந்தது. எரிக்க வேண்டியவர்களுக்கு, எரிந்த வீடுகளின் கரிந்த உத்தரங்களையே விறகாகக் கொண்டுவந்தனர். ஒன்பதாவது உடலைத் தூக்கியபோது ஒரு வீட்டுக் கதவு திறந்தது. ஒரு தாய் ஓடிவந்து தன் மகனின் காலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். அதன் பிறகு எந்தத் தெருவிலும் அவர்களை மறிக்க ஒருவரும் எழவில்லை. கடைசிச் சிதை பற்றியதும் அந்த மனிதர் ஆற்றில் இறங்கினார். குளிக்கப் போகிறார் என்று பொம்மனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி பார்த்தபோது அங்கே ஆறு மட்டுமே இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கிழக்கிந்தியக் கும்பினிச் சிப்பாய்கள் வந்து இரு தரப்பிலும் சிலரைச் சங்கிலியிட்டுக் கொண்டு போயினர். பதினோராம் நாள் கோயில் நடை திறக்கப்பட்டது. உற்சவ மூர்த்தியின் திரையை விலக்கிய பஞ்சாபகேச குருக்கள் அலறிவிட்டார். பூட்டிய கருவறையில் இருந்த அந்தச் செப்புத் திருமேனியின் கைகள் முழங்கை வரை கரியாயிருந்தன. நகக்கண்களில் ஆற்றுமண். இடத்தோளிலும் வலத்தோளிலும் பாரம் அழுத்திய தழும்பு. புளியும் திருநீறும் இட்டுத் தேய்த்தும் எதுவும் போகவில்லை.

குருக்கள் நாள் முழுதும் ஊரெல்லாம் விசாரித்தார். பிணம் சுமந்த கதையை வேல் பிடித்தவனே அவரிடம் சொன்னான். மறுநாள் காலை அந்த வயோதிகர் தம் வாழ்நாளில் கால் வைத்திராத தென்கோடிக்கு நடந்து வந்தார். பொம்மனார் பதறி விலகி நின்றார்.

“உன்னோடு சுமந்தாரே, அவர் யார்? பேர் என்ன?” என்றார் குருக்கள்.

“கேக்கலீங்க சாமி.”

“ஏனப்பா கேட்கவில்லை?”

“பேரச் சொன்னா எந்தக் கைன்னு தெரிஞ்சுபோயிருங்களே. தெரிஞ்சா விட்டுட்டுப் போயிருவாரோன்னு பயந்துட்டேன்.”

குருக்கள் அந்த மண்ணில் விழுந்து வணங்கினார். அதற்காக ஊரார் அவரைப் பன்னிரண்டு மாதம் தள்ளி வைத்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பொம்மனாரைக் கோயிலுக்குள் அழைக்க ஊருக்குத் துணிவு வரவில்லை. இறைவன் வெளியே வந்து அவரோடு சுமந்துவிட்டபடியால் அவருக்கு அது குறையாகப் படவுமில்லை.

கலகம் அத்தோடு ஒழிந்தது என்று எழுத ஆசைதான். ஒழியவில்லை. பதின்மூன்று ஆண்டு கழித்து, ஒரு கொடியை முன்னிட்டு மீண்டும் மூண்டது. ஆனால் அந்த முறை ஒரு பிணமும் தெருவில் கிடக்கவில்லை. இரு தரப்பாரும் அதற்கு மட்டும் வழிவிட்டனர். தைக்கும் விரல்களை இழந்த பொம்மனார் அப்போதும் இருந்தார். நரைத்த தலையோடு, பாடையின் ஒரு முனையைப் பிடித்திருந்தார். மறுமுனையைப் பிடித்தவர் எவர் பெயரையும் அவர் கேட்கவில்லை.

பகைத்தவர் இருவரையும் ஒரே தோளில் சுமந்த அப்பெரியவரையும், அவருக்கு நீர் கொணர்ந்த அம்மையாரையும் நினைக்கும்தோறும் நம் நெஞ்சு சற்றே இளகுமானால், அதுவே நாம் அவர்களுக்குச் செய்யும் வணக்கம்.